குணவதி இழுத்த சீனிப்பாகு

ஆற்றங்கரைத் தோட்டம்,
செர்டாங், கெடா.
6 டிசம்பர் 1936

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

பிச்சையம்மாள் தோத்திரத்தோடு எழுதுவது. நானும் குணவதியும் சுகமாக இருக்கிறோம். தீவில் மழை எப்படி, சாப்பாடு எப்படி, ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வற்றியதா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தீவு ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் தொடமாட்டேன் என்று நம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னதிலிருந்து, செர்டாங் பாசாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் முகம்மது ஹனீபா அண்ணன் முகவரிக்குத்தான் எல்லாம் வருகிறது. அவர் வெறும் கையால் எடுத்துக் கொடுக்கிறார். அவர் பிள்ளைகுட்டிகளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

கடிதத்தில் கையெழுத்து உங்களுடையதாக இல்லை. நீங்கள் சொல்லச் சொல்ல அடுத்த கட்டில்காரர் எழுதியதாகவும், என் கடிதத்தை அவரே வாசித்துக் காட்டுவதாகவும் போட்டிருந்தீர்கள். விரல் எவ்வளவு மடங்கிவிட்டது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. நான் கேட்காவிட்டாலும் நீங்களாக ஒரு வரி சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

இங்கே ஓயாத மழை. ரப்பர் மரத்தில் வெட்டும் பால் கோப்பைக்கு வருமுன் தண்ணீராய்ப் போகிறது. பாதி நாள் வேலை இல்லை. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறோம்.

லயத்து வரிசை வீடுகளில் நம் நிலைமை மாறவில்லை. பெருநோய் என்று உங்களைக் கொண்டுபோன பிறகு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, பாயையும் தலையணையையும் எரித்தார்கள் அல்லவா? அதோடு தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பம்மா கெட்டவள் அல்ல. ஆனாலும் பைப்படியில் அவள்தான் தண்ணீர் பிடித்து எட்ட நின்று என் குடத்தில் ஊற்றுகிறாள். அவள் மகள் புஷ்பவள்ளி முன்பெல்லாம் குணவதியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். இப்போது பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைக்கு வாசற்படிதான் இடம். வாத்தியார் எதுவும் சொல்வதில்லை. அவரும் பாவம், மற்ற பிள்ளைகள் நின்றுவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பினாங்கிலிருந்து அமெரிக்கா மிஷன் மிஸ்ஸியம்மா கிறிஸ்துமஸ் ஆயத்தத்துக்கு வந்திருக்கிறார்கள். அத்தாப்பு ஓலை வேய்ந்த நம் கோயிலில் சவுக்குக் கிளை ஒன்றை நட்டு, அதில் மிட்டாய் தொங்கவிடப் போகிறார்களாம். அவர்கள் நாட்டில் வழக்கமாம். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மிட்டாய். குச்சி போல நீளமாக, தலை மட்டும் வளைந்து, மேய்ப்பன் கோல் மாதிரி. விழப்போகும் ஆட்டுக்குட்டியை அந்த வளைவில் மாட்டி இழுத்துக்கொள்வானாம் மேய்ப்பன். மிஸ்ஸியம்மா 'கேண்டிகேன்' என்கிறார்கள். பிள்ளைகள் அதற்குள் கொக்கி மிட்டாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

குணவதி வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருப்பதை மிஸ்ஸியம்மா பார்த்துவிட்டார்கள். காரணம் கேட்டார்கள், சொன்னேன். மிட்டாய் செய்ய அவளும் வரவேண்டும், அவள் கையால் செய்ததை எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று சபையில் எழுந்து நின்று சொன்னார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. குணவதி அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை, பறக்கிறாள். எனக்கும் மனதில் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி இருக்கிறது.

ஜெபத்தில் எங்களை நினையுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
பிச்சையம்மாள்

---

ஆற்றங்கரைத் தோட்டம்,
செர்டாங்.
28 டிசம்பர் 1936

அன்பான அத்தானுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துதல். இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். நீங்கள் இதை உட்கார்ந்து கேளுங்கள். வாசித்துக் காட்டுகிற அந்த அண்ணனும் பொறுமையாக வாசிக்கட்டும்.

பண்டிகைக்கு முந்தின நாள் கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டினோம். சீனன் காப்பிக்கடையில் ஓரம் உடைந்து கிடந்த சலவைக்கல் மேசைப்பலகையை ஹனீபா அண்ணன் கேட்டு வாங்கி வண்டியில் அனுப்பியிருந்தார். சீனியும் தண்ணீரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் ஊற்றிக் காய்ச்சி, கம்பியாய் உடைகிற பதத்தில் அந்தக் கல்லில் கொட்டினார்கள். புதினா எண்ணெய் விட்டதும் தோட்டமே மணத்தது. பாகில் ஒரு பங்குக்குச் சிவப்புச் சாயம். மறு பங்கை ஆறுமுன் கையில் எடுத்து இழுத்து, மடித்து, மறுபடி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க மஞ்சள் பாகு பால் போல வெளுக்கிறது. பிறகு இரண்டையும் சேர்த்து முறுக்கி, இறுகுவதற்குள் தலையை வளைத்துவிட வேண்டும். ஆறினால் உடையும். அதனால் சூடாக இருக்கும்போதே கை வைத்தாக வேண்டும்.

அதுதான் யாராலும் முடியவில்லை. கையில் வெண்ணெய் தடவிக்கொண்டும் பொறுக்கவில்லை. நான் தொட்டுவிட்டு உதறினேன். பாப்பம்மா கீழேயே போட்டுவிட்டாள். மிஸ்ஸியம்மாவே தண்ணீரில் கை நனைத்து நனைத்துத்தான் இழுத்தார்கள். பாகு வீணாகிறதே என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது குணவதி முன்னால் வந்து அந்த உருண்டையை எடுத்தாள். எடுத்து இழுத்தாள். மடித்தாள். இழுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கயிறு திரிப்பது போல முறுக்கி, அழகாகத் தலையை வளைத்துக் கல்லில் வைத்தாள்.

பெண்கள் எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். இவ்வளவு நெஞ்சுரமுள்ள பிள்ளையா என்றாள் பாப்பம்மா. மிஸ்ஸியம்மா கை தட்டினார்கள். அடுத்த உருண்டையும் அவளிடமே கொடுத்தார்கள். அதற்கடுத்ததும். மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். புஷ்பவள்ளி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, எனக்கு வளைக்கச் சொல்லித் தா என்று கெஞ்சினாள்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அத்தான். எனக்கு மட்டும் காதில் ஒன்றும் விழவில்லை. உங்கள் விரலிடுக்கைச் சுருட்டு சுட்டுக் கருக்குவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தீர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுதான் கண் முன்னால் வந்தது.

பிள்ளையை மெதுவாக இழுத்து வாளித் தண்ணீரில் கையைக் கழுவினேன். இடது உள்ளங்கை முழுவதும் கொப்புளம். சுடவில்லையா என்று கேட்டேன். அவள் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கைல சுடலம்மா. அதான் இந்தக் கையால இழுத்தேன்."

பெருமையாகத்தான் சொன்னாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். அதிகம் வேலை செய்துவிட்டாள் என்று சொல்லி வைத்தேன். அவள் முழங்கைக்குப் பின்னால் ஒரு வெளுப்பு இருக்கிறது. தேமல் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கோயிலில் அந்தச் சவுக்குக் கிளை நிறையக் கொக்கி மிட்டாய். ஈரக்காற்றில் பிசுபிசுத்து, கட்டெறும்பு ஏறி, ஆனாலும் பார்க்க அவ்வளவு அழகு. ஆராதனை முடிந்து எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். குணவதி நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள். வாயெல்லாம் சிவப்பு. இந்த ஒரு காட்சிக்காக எத்தனை நாள் முழங்கால் போட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அது கிடைத்தது. கிடைத்த விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளை வாயில் வைக்கும்போதும் ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. பிடுங்கவில்லை. பாட்டுப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெறும் தீக்காயமாகவும் இருக்கலாம் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நேற்று மத்தியானம் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் தடவினேன். வலது கையில் கூச்சப்பட்டுச் சிரித்தாள். இடது கையில் தடவும்போது, எப்பம்மா தொடுவ என்று கேட்டாள்.

என்ன செய்யட்டும், அத்தான்? உங்களுக்கு முதலில் எங்கே மரத்தது, எவ்வளவு நாளில் பரவியது என்று தயவுசெய்து மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

பிச்சையம்மாள்

---

ஆற்றங்கரைத் தோட்டம்,
செர்டாங்.
14 பிப்ரவரி 1937

அன்பான அத்தானுக்கு,

உங்கள் பதில் வந்தது. உடனே காட்டிவிடு, நான் ஒளித்தது போல ஒளிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்பே காட்டும்படி ஆகிவிட்டது.

கொப்புளம் உடைந்து புண்ணாகி ஆறவே இல்லை. துணி கட்டியே பள்ளிக்கூடம் அனுப்பினேன். ஒரு நாள் புஷ்பவள்ளி விளையாட்டாக அந்தப் புண்ணில் ஈர்க்குச்சியால் குத்தியிருக்கிறாள். குணவதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அந்தப் பிள்ளை அதை வேடிக்கையாக வீட்டில் போய்ச் சொன்னது. பாப்பம்மா வாசலில் வந்து நின்றாள். சண்டை போடத்தான் வந்தாள். ஆனால் வாய் திறந்ததும் அழுகைதான் வந்தது. என் பிள்ளை அவள் கையிலிருந்து வாங்கித் தின்றதே, தெரிந்துமா விட்டாய் என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தின்பதால் வராது என்று பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னார். பாப்பம்மா அதை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முழுதாக நம்பவில்லை.

டிரெஸ்ஸர் மோரிஸ் தம்பியை உங்களுக்குத் தெரியும். உங்களைப் பார்த்து மேலிடத்துக்கு எழுதித் தீவுக்கு அனுப்பியவரும் அவர்தானே. குணவதியை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பஞ்சால் தடவினார். பிறகு வெகுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தார். நான் அவர் காலைப் பிடித்தேன். கொஞ்ச நாள் பொறுங்கள், ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். கப்பலேறும் இடத்தில் டாக்டர் பார்ப்பார், ஏறவிட மாட்டார்கள் என்றார்.

"நான் எழுதாம இருந்தா அந்தப் புள்ள கை போயிரும் அக்கா. என்னைய வையுங்க, பரவால்ல."

அவரை வையவும் எனக்கு மனம் வரவில்லை.

அப்போதும் ஒரு ஆசை விட்டுப்போகவில்லை. போவதுதான் போகிறாள், அப்பா இருக்கிற தீவுக்குப் போகட்டும், அப்பாவும் மகளுமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மிஸ்ஸியம்மாவுக்கு எழுதினேன். அவர்கள் வந்தார்கள். குணவதியின் புண்கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள். நான்தானே அந்தப் பாகைக் கொடுத்தேன் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். பாகு இல்லாவிட்டால் இன்னும் பிந்தித்தான் தெரிந்திருக்கும் என்று நான் தேற்றினேன். பெரிய இடங்களில் எல்லாம் கேட்டுப் பார்த்தார்களாம். உங்கள் தீவில் ஆண்களை மட்டும்தான் வைக்கிறார்களாம். பெண்பிள்ளைகளுக்கு இடம் தெற்கே, கோலாலம்பூருக்கும் அப்பால். அங்கே பள்ளிக்கூடம் உண்டு, தோட்டம் உண்டு, பிள்ளைகள் கூட்டமாக இருப்பார்கள் என்றார்கள். தாய் போய் இருக்கலாமா என்று கேட்டேன். நோய் இல்லாதவர்களை வைப்பதில்லையாம். அந்த நிமிஷம் எனக்கும் வரக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பாப்பம்மா மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எங்கள் படியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனாள். புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷன் வரைக்கும் என்னை வரவிட்டார்கள். ரயிலின் பின்னால் தனிப் பெட்டி. அதில் யாரோ ஒரு சீனக் கிழவியும் ஒரு மலாய்ப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. ஸ்டேஷன் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உடன் வந்த ஆள் பிடித்து இழுத்தார். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அத்தான். அம்மா என்று கூப்பிட்டு நான் வரவில்லை என்றதும் பிச்சையம்மா, பிச்சையம்மா என்று கூப்பிட்டாள்.

நான் அவள் காதில் ஒன்று சொன்னேன். அங்கே அப்பா இருக்கிறார் என்று சொன்னேன். தீவிலிருந்து அப்பாவையும் அங்கேதான் கொண்டுவருகிறார்கள், உனக்காகத்தான் வருகிறார் என்று சொன்னேன்.

அவள் தூணை விட்டுவிட்டாள். அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு என்னைய அடையாளம் தெரியுமாம்மா? நான் வளந்துட்டேன்ல?"

தெரியும் என்றேன். பாவாடையைத் தட்டிச் சரிசெய்துகொண்டாள். சீப்பு கேட்டு வாங்கி, நல்ல கையால் தானே தலையைச் சீவிக்கொண்டாள். பிறகு யாரும் பிடிக்காமல் தானாகவே ஏறிப் போனாள். ஜன்னல் இல்லாத பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வண்டி கிளம்பும்போது முகம் தெரியவில்லை.

இந்நேரம் அவள் போய்ச் சேர்ந்து, வாசலில் வருகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா இல்லை என்று அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பியிருக்க மாட்டாள். அவள் பிடிவாதம் உங்களுடையது.

உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அந்த அண்ணனைக் கொண்டு அவளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். படகுக்குக் காற்று சரியில்லை என்று எழுதுங்கள். டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதுங்கள். எது வேண்டுமானாலும் எழுதுங்கள். வருகிறேன் என்று எழுதுங்கள், அத்தான். அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள், அதனால் சின்னச் சின்ன வார்த்தையாக எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒன்று போதும். அவளாகக் கேட்பதை விடும்வரைக்கும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். அவளைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பிச்சையம்மாள்