ஒரு நாளும் தவறாதவளுக்கு ஒரு கோப்பை

என் ஆசைக் கோமதிக்கு,

ஆசை என்று எழுதிவிட்டேனே தவிர, இப்போது நீ எதிரில் நின்றால் முதுகில் நாலு சாத்து சாத்துவேன். செத்து எட்டு வருஷம் ஆனவளிடம் யாராவது இப்படிக் கோபப்படுவார்களா? நான் படுகிறேன்.

நேற்று நம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தேன். உன் பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள், தெரியுமா? வருஷம் முழுக்க ரிங் டென்னிஸ் பயிற்சிக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த பெண்ணுக்கு. நான் உன் ஜோடியாக ஆடியவள் என்பதால் இந்த வருஷம் என்னைக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கில் சொன்னார்: "இந்தப் பொண்ணு காய்ச்சலோடயும் கிரவுண்டுக்கு வந்தா. அப்படியே கோமதி மாதிரி!" எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் பூரித்துப்போய் நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

உன்னை மாதிரியாமே! நீ எப்படிச் செத்தாய் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

அந்த ரப்பர் வளையத்துக்காக நாம் பட்ட பாடு கொஞ்சமா? வலையைத் தாண்டி வருவதை ஒரே கையால் பிடித்து, பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிய வேண்டும். இன்னொரு கை பட்டால் தப்பு. எனக்கோ இடது கை சுத்தமாக வராது. நீதான் என் வலது கையைத் தாவணியால் இடுப்போடு கட்டி, கொள்ளிட மணலில் நிறுத்தி எறிவாய். "விறைச்சுக்கிட்டு நிக்காதடி, விரலை விரிச்சு வாங்கு!" என்று கத்துவாய். புதைமணலில் ஓடிப் பழகிய கால், பள்ளித் தரையில் பறந்தது. மூன்றே மாதத்தில் என் இடது கையும் படிந்துவிட்டது.

அந்தத் திமிரில்தான் நான் சட்டம் போட்டேன். ஒரு நாள் வராவிட்டால் ஜோடி கிடையாது. நோட்டுப் போட்டு வருகையும் எழுதினேன். "சரிங்க துரைசாணி" என்று சிரித்தாய். ஏண்டி எதிர்த்துப் பேசவில்லை? உனக்கா வாய் இல்லை?

மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எல்லைக் கயிற்றைப் பிடித்திருந்த துருப்பிடித்த ஆணி உன் குதிகாலில் ஏறியது. நம்மில் யார் செருப்புப் போட்டோம்? யாரிடமும் சொல்லாமல் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு மறுநாளும் வந்தாய். அதற்கு மறுநாளும். போட்டியில் ஜெயித்தும் தொலைத்தோம். அடுத்த நாள் காலையில் உனக்குத் தாடை இறுகி வாய் திறக்கவில்லை. ரணஜன்னி என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். சுண்ணாம்பைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் ஆணி குத்தின கதையே உன் வீட்டுக்கும் எனக்கும் தெரிந்தது. மூன்றாம் நாள் நீ இல்லை.

ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே! இந்த எட்டு வருஷமும் உன்னோடு போட்ட சண்டை இதுதான்.

நேற்று மேடையில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். "இதை நான் குடுக்க மாட்டேன். ஆணி குத்தினதை மறைச்சுக்கிட்டு வந்தா கோமதி. அன்னைக்கே ஒரு ஊசி போட்டிருந்தா பொழைச்சிருப்பா" என்றேன். "நல்ல நாளும் அதுவுமா என்னம்மா பேச்சு இது?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கையைப் பிடித்து இழுத்தார். அழுதுகொண்டே அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "அவங்க நொண்டுறதை யாருமே பாக்கலையாக்கா?"

நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

பார்த்தேன், கோமதி. இரண்டாம் நாளே பார்த்தேன். வலது பக்கம் வளையம் வந்தால் நீ குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் போனாய். கேட்டால் உட்கார்ந்துவிடுவாயோ என்று பயம். போட்டி முடியட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எட்டு வருஷமாக உன்னைத் திட்டியது, இதை நினைக்காமல் இருக்கத்தான்.

உன் தம்பி திருவெறும்பூரில் புதிதாகக் கட்டுகிற தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். காலில் பூட்ஸ் இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்களாம். இப்போது தொட்டியத்தில் இருக்கிற உன் அம்மா பொங்கல் தவறாமல் எனக்கு வாழைத்தார் கொடுத்தனுப்புகிறார். "என் மக ஒரு நாள் தவறல. இனிமே எனக்கு இன்னொரு மக நீதாம்மா" என்பார். நானும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேடையில் பாதியைத்தான் சொன்னேன். அது ஊர் வாயில் புகுந்து உன் அம்மா காதுக்குப் போவதற்கு முன்னால் மீதியை நானே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் தொட்டியம் போகிறேன். அந்த நோட்டையும் எடுத்துப் போகிறேன். கடைசி வாரம் முழுக்க உன் பெயருக்கு நேரே நான் போட்ட டிக் அதில் இருக்கிறது. அவர் என்னை அடித்தாலும் சரி, வாசலோடு அனுப்பினாலும் சரி, சொல்லாமல் திரும்ப மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் ஜோடி,
வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது உன் அம்மாவின் இன்னொரு மகள்,
ரெங்கநாயகி
ஸ்ரீரங்கம்