கண்மாய் வளைவில் மான்

என் தம்பியைக் குடிகாரன் என்றவருக்கு,

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் நம் லாரி, அந்தியில் கண்மாய் வளைவில் மட்டும் ஏன் மானில் மோதுகிறது? முதலில் எனக்கும் விளங்கவில்லை. நீங்களோ, “பொன்னழகு குடிச்சுப்புட்டு ஓட்டுறான்” என்று மில் ஆட்கள் முன்னால் அவனை விரட்டிவிட்டீர்கள்.

நேற்று அந்தியில் நானே போய்க் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றிவிட்டது. குடிக்க வந்தவை மான்கள்தான். வளைவில் புதர் மறைப்பதால், கிட்டே வரும்வரை அவை ஓட்டுகிறவன் கண்ணில் படுவதில்லை. விளக்கு வெளிச்சம் பட்டால் மான் ஓடாமல் திகைத்து நிற்கிறது. ஒன்று தாண்டியதும் வழி கிடைத்ததென்று வேகம் கூட்டினால், பின்னால் வருவது அடிபடுகிறது. இதில் அவன் குற்றம் எங்கே?

சோறு உறியில் இருக்கிறது. குழம்பை நீங்களே சுட வைத்துக்கொள்ளுங்கள். நெல்லுப் பத்தாயச் சாவி மாடத்தில். நான் தம்பி வீட்டுக்குப் போகிறேன். அதே ஆட்கள் முன்னால் அவனைத் திரும்ப அழைக்கும்வரை வரமாட்டேன்.

இன்னொன்று. அவன் இல்லாததால் இன்று நீங்கள்தான் லாரியை ஓட்டவேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் தாண்டினால் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, மற்றவையும் தாண்டும்வரை காத்திருங்கள்.