நான்கு சிவப்புக் கோடுகள்

ஆர்.கே.புரம், புது தில்லி
புதன்கிழமை

அன்புள்ள என் கணவருக்கு,

லதா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. நீங்களாவது அங்கே மலையில் அணைக்கட்டு வேலையில் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடாதா, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பீர்கள். போனில் நீங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. தவிர, இந்த இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் நான் எது பேசினாலும் வத்ஸன் காதில் விழும். தமிழில் எழுதி மேசைமேல் திறந்து வைத்தாலும் அவனுக்குப் படிக்க வராது. அவனைத் தமிழ் ஸ்கூலில் போடவில்லையே என்று எத்தனையோ நாள் நொந்திருக்கிறேன். இன்றைக்குத்தான் அதிலும் ஒரு சௌகரியம் தெரிகிறது.

உங்கள் ஆபீஸ் ராஜவேல் நாளை காலை ஃப்ளைட்டில் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உங்களிடம் சேர்ந்துவிடும். கூடவே எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது. அதை அப்புறம் பிரியுங்கள். முதலில் இதை உட்கார்ந்து படியுங்கள்.

நமக்கு மருமகளாக வரப்போகிற ஷ்வேதாவுக்கு நேற்றுத் தையல் பிரித்தார்கள். நெற்றியில் ஒன்பது தையல். வடு தலைமுடிக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். பாதி போகும், பாதி தெரியும் என்பது பார்க்கிற எனக்குத் தெரிகிறது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, ஆவணி முகூர்த்தத்துக்குள் ஆறிவிடும் ஆன்ட்டி, நெற்றிச்சுட்டி எதற்கு இருக்கிறது என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது வண்டி விஷயம். உங்கள் ஜீப்பைப் பற்றி இந்த ஒன்றரை மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை வைத்து ஒரு பரீட்சையே எழுதலாம். பதின்மூன்று வருஷத்துப் பெட்ரோல் வண்டி, டெல்லியில் அதற்கு இன்னும் இரண்டு வருஷம்தான் ஆயுள், விற்றுத் தொலையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இனிமேல் இந்த விலைக்குக் கிடைக்காது என்றீர்கள். மே கடைசியில் லீவில் வந்து, அடியில் படுத்து, கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் அந்த நீள ஷாஃப்டைக் கழற்றி, தேய்ந்த பாகத்தை மாற்றி, நீங்களே திரும்பவும் மாட்டிவிட்டுப் போனீர்கள். மூன்று வாரம் கழித்துச் சத்தம் ஆரம்பித்தது.

நீங்கள் போனில் சொல்லச் சொல்ல நானும் வத்ஸனும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலியான ரோட்டில் ஓட்டி ஓட்டிக் கேட்டோம். அவன் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில் குனிந்துகொண்டு. ஆக்ஸிலேட்டரில் கால் எடுத்து வைத்தால் அடியில் 'டொக்' என்றது. ஐம்பதைத் தாண்டினால் உட்காரும் இடமே நடுங்கியது. நியூட்ரலில் உருள விடு என்றீர்கள், விட்டோம், அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை என்றீர்கள். இடது வலது திருப்பச் சொன்னீர்கள், வித்தியாசமே இல்லை. அப்படியானால் சக்கரத்துப் பேரிங்காக இருக்காது என்றும் நீங்களேதான் சொன்னீர்கள். மிச்சம் இருப்பது பின்பக்கத்து ஷாஃப்ட்தான் என்ற இடத்துக்கு வந்து நின்றீர்கள்.

அப்புறம் என்ன கேட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ஷாஃப்டைப் பிடிக்கிற நாலு நட்டிலும் சிவப்புக் கோடு இருக்கிறதா பார் என்றீர்கள். நான் புடவையைச் செருகிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். என் பழைய நெயில் பாலிஷ், நட்டிலிருந்து தகடு வரை நீங்கள் இழுத்த கோடு, நாலிலும் சிவப்பு தெரிந்தது. இருக்கிறது என்றேன். அப்படியானால் அங்கே தப்பில்லை, அது என் கையால் முறுக்கியது, முறுக்காமல் நான் கோடு போடுவதில்லை, பேரிங்கையே மாற்றச் சொல் என்றீர்கள். பேரிங்காக இருக்காது என்று ஐந்து நிமிஷம் முன்பு சொன்னவர் நீங்கள். எனக்கும் அது உறைக்கவில்லை. மெக்கானிக் கலியமூர்த்தி பேரிங்கை மாற்றினார். சத்தம் போகவில்லை. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் பழகிக்கொண்டோம்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ஃப்ளைஓவர் இறக்கத்தில், அந்த ஷாஃப்டின் முன்முனை கழன்று ரோட்டில் குத்தி வண்டியைத் தூக்கிப் போட்டது. ஷ்வேதாவின் நெற்றி முன்னால் இருக்கிற இரும்புக் கைப்பிடியில் மோதியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் நீங்கள் வத்ஸனிடம் போனில் பேசியதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அது ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன் என்பது தெரியாது. யமுனைக் கரை மணலில் கொண்டுபோய்க் குதிரை ஓட்டுகிற மாதிரி ஓட்டியிருப்பாய், என் கையால் முறுக்கிய நட்டு தானாகக் கழலாது என்றீர்கள். பொறுப்பில்லாதவனை நம்பி எவன் பெண் கொடுப்பான் என்றீர்கள். இருபத்தாறு வருஷம் உங்களோடு குடித்தனம் செய்கிறேன், அப்படி ஒரு குரலை உங்களிடம் நான் கேட்டதில்லை. அவன் போனைக் கீழே வைத்தான்.

இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு முனிர்க்காவில் கலியமூர்த்தியின் பட்டறைக்குப் போனேன். வண்டியை என்ன செய்வது என்று கேட்கத்தான் போனேன். அவர் ஷாஃப்ட் மாட்டுகிற தகட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்திருந்தார். ரொம்ப நேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, மேடம், சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நீங்களே பாருங்க என்றார்.

நாலு ஓட்டையில் இரண்டில் போல்ட் முறிந்து நிற்கிறது. அந்த இரண்டு நட்டும் இன்னும் கிண்ணென்று இறுகியிருக்கிறது. ஆனால் கோடு சேரவில்லை. தகட்டில் இருக்கிற பாதி ஒரு பக்கம், நட்டில் இருக்கிற பாதி இன்னொரு பக்கம். முறுக்கிட்டுப் பூசியிருந்தா ஒரே கோடா நிக்கும் மேடம், இது பூசினப்புறம் முறுக்கினது என்றார். மற்ற இரண்டு ஓட்டையும் காலி. நட்டு ரோட்டில் எங்கேயோ போய்விட்டது, தகட்டின் ஓரத்தில் சிவப்பு மட்டும் மிச்சம். அந்த ரெண்டையும் சார் கையால திருகினதோட விட்டிருக்காரு, சத்தம் வந்தப்ப நானும் அடியில பார்த்தேன், சார் போட்ட கோடாச்சேன்னு ஸ்பேனரே வைக்கல, என் தப்பும்தான் என்றார். நம்மைவிட வயதில் பெரிய மனுஷன், கண் கலங்கி நின்றார்.

யார் ஸ்டூல் போட்டார்கள், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. இப்போதும், இதை எழுதும்போதும், அந்த இரண்டு காலி ஓட்டைதான் கண்முன் நிற்கிறது.

ஏனென்றால் எனக்கு மே மாதம் நீங்கள் ஷாஃப்ட் மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. மணி ஒன்றரை. அப்பளம் ஆறிப்போகிறது, வருகிறீர்களா இல்லையா என்று பால்கனியிலிருந்து மூன்று தடவை கத்தியது நான்தான். கட்டைவிரலில் சிவப்போடு வந்து உட்கார்ந்தீர்கள். மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறதே என்று கேலி செய்தேன். சாப்பிட்டுப் படுத்தீர்கள், எழுந்ததும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினீர்கள். நெயில் பாலிஷ் பாட்டிலில் காய்ந்துகொண்டிருந்தது, அடியில் போய்ப் போய் வர முதுகு இடம் கொடுக்கவில்லை, நாலுக்கும் சேர்த்துக் கோட்டைப் போட்டுவிட்டு முறுக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு முறுக்கும்போது நான் கூப்பிட்டேன். இதில் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் செக்‌ஷனில் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திவிட்டு அப்புறம் ஃபைலைப் புரட்டிய நாட்கள் உண்டு. மறந்ததற்காக நான் உங்களைக் கோபிக்கவில்லை. கோபமெல்லாம் அந்த போனுக்குத்தான்.

வத்ஸன் சாப்பிடுவதில்லை. ஆபீஸுக்கு மெட்ரோவில் போகிறான், ஆட்டோவில்கூட ஏறப் பயப்படுகிறான். நேற்று நான் தட்டை வைத்துவிட்டு, உனக்கு என்னதான் வேண்டும் என்று கத்தினேன். அப்பா சொன்னது சஹிதான் அம்மா, நான்தான் வேகமா ஓட்டிருப்பேன், எனக்கே தெரியாம பண்ணிருப்பேன் என்றான். மணல் பக்கமே போகாத பிள்ளை! போகவே இல்லை என்று முதல் நாள் சொன்னவன், பத்து நாளில் போயிருப்பேனோ என்று ஆரம்பித்துவிட்டான். வரும் ஞாயிற்றுக்கிழமை லக்ஷ்மிபாய் நகர் போய், ஷ்வேதாவின் அப்பா சுந்தரேஷ் சாரிடம் கல்யாணத்தை நிறுத்திவிடச் சொல்லப் போகிறானாம். என்னை நம்பி எவன் பெண் கொடுப்பான் என்று உங்கள் வார்த்தையையே திருப்பிச் சொன்னான்.

இன்று பட்டறையிலிருந்து வந்ததும் அவனிடம் சொல்லிவிட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நான் சொன்னால், அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பான். உங்கள் வாயால் வந்தது உங்கள் வாயால்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை இது கைக்கு வந்ததும் அவனைக் கூப்பிடுங்கள். சத்தத்தைப் பற்றி, பேரிங்கைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். கோட்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆபீஸில் ஒரு தப்பையும் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் வராமல் முப்பது வருஷம் ஓட்டியவர் நீங்கள்.

அவன் எடுக்க மாட்டானோ என்று யோசிக்காதீர்கள். பத்து நாளாக போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறான். அப்பா என்று வந்தால் முதல் மணியிலேயே எடுப்பான்.

முருகன் உங்களுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்கட்டும் என்று நாளைக் காலை மலை மந்திரில் வேண்டிக்கொள்வேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கூப்பிடுங்கள்.

அன்று மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்ட,
லதா