பின்சீட்டுக்கு என்ன விலை, மாப்ளே

என் பிரியமுள்ள மாப்ளே செல்வத்துக்கு,

உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தவரைக்கும் எதற்கு எழுத வேண்டும்? உன் வத்தல் கமிஷன் கடையிலிருந்து என் செருப்புக் கடைக்கு எட்டி நடந்தால் ஐந்து நிமிஷம். நீ வருவதற்கு முன்னால் உன் சட்டையில் ஒட்டிய மிளகாய் நெடி வந்துவிடும். நான் தும்முவேன், நீ வந்து நிற்பாய். நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். கனகா கார் வாங்குகிறாள். சாதாரணக் கார் இல்லை, பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் சொகுசுக் கார். உங்கள் தெரு முனையில் அதைத் திருப்புவதற்கே தனியாக ஒரு நாள் பழக வேண்டும். ஆமாம், உன் மனைவிதான். நீ போன பிறகு கடையை எடுத்து நடத்துகிறவள், நாகலாபுரத்துக்கு வத்தல் பார்க்கப் போனாலும் தூத்துக்குடிக்குப் போனாலும் பஸ்ஸில்தான் போனாள். காரில் ஏறவே மாட்டேன் என்றிருந்தாள். போன மாதம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒரு வண்டி வாங்கணும். பெரிசா, கெட்டியா. நீங்க கூட வாரியளா? பேரம் பேச அவிய இல்லையே."

வாரேன் தங்கச்சி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஏனென்று உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நீ முதல் கார் வாங்கிய அன்று நானும் கூட வந்தேன். ஒரே வண்டியில் இரண்டு ரகம் காட்டினார்கள். ஒன்றில் முன்சீட்டுக்கு மட்டும் ஏர்பேக். இன்னொன்றில் பின்சீட்டுக்கு இரண்டு பக்கமும் உண்டு, விலையும் கூடுதல். நீ சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து நம் இரண்டு பேர் கையின் மேலும் போட்டாய். சந்தையில் தரகர்கள் அடுத்தவனுக்குத் தெரியாமல் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் பிடிக்கிற விரலின் எண்ணிக்கைதான் விலை. கையை மடக்கிவிட்டால், விட்டுவிடு என்று அர்த்தம். உனக்கு அது கைவந்த தொழில். எனக்கு நீ சொல்லிக்கொடுத்த விளையாட்டு.

நீ என் விரலைப் பிடித்தாய். நான் மடக்கினேன்.

அத்தோடு விடவில்லை. பணத்தையும் மிச்சம் பிடித்து, சீட் கவர், தரை விரிப்பு, கண்ணாடிக்கு ஃபிலிம் எல்லாம் சும்மா வாங்கித் தந்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அடுத்த வருஷம் நாலுவழிச் சாலையிலிருந்து எட்டயபுரம் பக்கம் திரும்புகிற இடத்தில் லாரி இடது பக்கம் இடித்தது. நீ பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாய். முன்னால் இருந்த டிரைவர் கை முறிவோடு தப்பித்தான். அந்த ஏர்பேக் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால்?

கனகாவிடம் இதை நான் சொல்லவில்லை. நான்கு நோன்புப் பெருநாளைக்கு அவள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்தேன், நான்கு தீபாவளிக்கு அவள் கொடுத்த அதிரசத்தைத் தின்றேன். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்தது. அண்ணே என்று கூப்பிடுகிற வாய் அதற்குப் பிறகு என்ன சொல்லிக் கூப்பிடும் என்ற பயம். அப்படிப்பட்ட என்னைத்தான் அவள் பேரம் பேசக் கூட்டிப்போகிறாள்.

மதுரையில் ஷோரூம். உள்ளே போனதும் குளிர்ச்சியில் என் மூட்டு பிடித்துக்கொண்டது. எங்களைக் கவனிக்க வந்தது ஒரு சின்னப் பெண். சார், மேடம் என்று ஆரம்பித்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூரை முழுக்கக் கண்ணாடி வைத்துத் தருவார்களாம், பொத்தானை அமுக்கினால் திறக்குமாம்.

"நம்ம ஊரு வெயிலுக்குக் கண்ணாடிக் கூரையா? மண்டை வெந்துரும். தகரமே இருக்கட்டும்," என்றாள் கனகா.

உள்ளே சந்தன நிறத்தில் தோல் வேண்டுமா, கருப்பு வேண்டுமா? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "மழை பெஞ்சா எங்க மண்ணு செருப்போட ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும். கருப்பே போடு. அழுக்கும் மண்ணும் ஒரே நெறமா இருந்துட்டுப் போட்டும்." சீட்டுக்குள்ளிருந்து காற்று வருகிற வசதியை மட்டும் அவள் தடவிப் பார்த்துவிட்டு, இது நல்லாருக்கு என்றாள். இருபத்து நாலு ஸ்பீக்கர் வைத்த பாட்டுப்பெட்டி வேண்டாம் என்றாள். நான் ஒரு சுற்று வண்டியைச் சுற்றி வந்து, தெரிந்தவன் மாதிரி டயரை உதைத்துப் பார்த்தேன். நீ இருந்தால் அதற்கே ஒரு வாரம் கேலி செய்திருப்பாய்.

பிறகு விலை. ஷோரூம் விலை ஒன்று, வரி, இன்சூரன்ஸ், அது இது என்று சேர்த்து ரோட்டுக்கு வரும்போது வேறொன்று. நான் உன்னை நினைத்துக்கொண்டு ஒரு விலையைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முடியாது என்றாள். நான் எழுந்து, "வா தங்கச்சி, போவோம்," என்று வாசலைப் பார்த்து நடந்தேன். எப்படியும் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் அல்லவா? என் கடையில் முப்பது வருஷமாக அப்படி எத்தனை பேரை நானே கூப்பிட்டிருப்பேன். மெதுவாகத்தான் நடந்தேன். வாசல் வந்துவிட்டது. காவலாளி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டான். அந்தப் பெண், "தேங்க்யூ சார், மறுபடியும் வாங்க," என்றாள். யாரும் கூப்பிடவில்லை.

வெளியே வெயிலில் இரண்டு பேரும் நின்றோம். கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் மாப்ளே. நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அவளே என்னை உள்ளே கூட்டிப்போனாள். ரோஷமில்லாமல் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை அவள் பேசினாள். "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். "குளத்தூர் அக்கா," என்றது அந்தப் பெண். "அங்கன யாரு வீடு?" அதற்குள் சார் மேடம் எல்லாம் காணாமல் போய்விட்டது. இன்சூரன்ஸை வெளியே நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றாள் கனகா. கையாளும் கட்டணம் என்று ஒன்று போட்டிருந்ததைக் காட்டி, அது என்ன கட்டணம், யார் கை, என்று கேட்டாள். அந்தப் பெண் பேனாவால் அதை அடித்துவிட்டு, "இருங்க அக்கா, மேனேஜர்ட்ட கேட்டுட்டு வாரேன்," என்று போனாள்.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் மலர்ச்சி. இவள் கேட்கிற அதே கருப்பு உள்வேலையோடு, காற்று வருகிற சீட்டோடு ஒரு வண்டி தயாராக நிற்கிறது. போன மாதமே விற்றிருக்க வேண்டியது. மாதக் கடைசி வேறு. நான் முதலில் சொன்ன விலையைவிடவும் குறைத்துத் தருகிறார்கள், நாளைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். வத்தல் வியாபாரத்தில்கூட இப்படி ஒரு விலை படிந்து நான் பார்த்ததில்லை. கனகா என்னைப் பார்த்தாள்.

நான் அந்த வண்டியில் இருக்கிறவற்றின் பட்டியலை வாங்கி, விரல் வைத்து வாசித்தேன். ஒன்று குறைந்தது. பின்சீட்டுக்குப் பக்கவாட்டு ஏர்பேக் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதாம், இந்த வண்டியில் வைக்கவில்லையாம். வேண்டுமென்றால் புதிதாக ஆர்டர் போட வேண்டும், மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், தள்ளுபடியும் கிடையாது.

"பரவால்ல அக்கா, நெறைய பேரு அதைக் கேக்க மாட்டாங்க," என்றது பெண்.

இந்த வண்டி வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். சொல்லாமல் விட்டால் இரண்டாவது தடவையும் கையை மடக்கினவன் ஆவேன். அந்தப் பெண்ணைக் காப்பி கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன்.

"தங்கச்சி, இது வேண்டாம். அன்னைக்கு அவன் எங்கிட்ட கேட்டான். பின்சீட்டுக்கு ஏர்பேக் வச்ச வண்டி எடுக்கவான்னு துண்டுக்குள்ள கையப் பிடிச்சுக் கேட்டான். நாந்தான் வேண்டாம்னு கையை மடக்கிட்டேன். இத்தன வருசமா உங்கிட்ட சொல்லல. எனக்குப் பயம்."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

"எப்ப கேட்டாவ அண்ணே? போன் பேசிட்டு வந்த பொறவா?"

நினைத்துப் பார்த்தேன். ஆமாம், நீ வெளியே போய் யாரிடமோ போன் பேசிவிட்டு வந்துதான் என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"எங்கிட்டதான் பேசினாவ. பின்சீட்டுக்கு பலூன் வச்ச வண்டி ஒண்ணு இருக்கு, கூடுதல் ஆவுது, எடுக்கவான்னு கேட்டாவ. நான் அடுப்புல வேலையா இருந்தேன். பலூனுக்கு ஆசைப்பட நீங்க என்ன சின்னப்பிள்ளையா, பேசாம வாங்கன்னு சொன்னேன். சிரிச்சாவ. சிரிச்சிட்டு வச்சிட்டாவ. நான் சொல்லித்தான் விட்டுட்டாவன்னு இந்த நாலு வருசமும் வெந்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். ஐந்து நிமிஷ நடைதூரத்தில்.

ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"நான் வேண்டாம்னு சொன்ன பொறவும் உங்ககிட்ட வந்து கேட்டிருக்காவ. அப்ப அவியளுக்கு அது வேணும்னு இருந்திருக்கு அண்ணே."

அந்தச் சொல் என்னை அடித்துப் போட்டுவிட்டது மாப்ளே. உன்னை எனக்குத் தெரியாதா? வேண்டாத சரக்கை நீ இரண்டாம் தடவை தொட்டுப் பார்த்ததே கிடையாது. வேண்டாமென்று முடிவு செய்துவிட்டால் யாரிடமும் கேட்க மாட்டாய். ஆசைப்பட்ட பொருளுக்குத்தான் ஆள் ஆளாகக் கேட்பாய், யாராவது ஒருத்தர் வாங்கிக்கொள் என்று சொல்லமாட்டார்களா என்று. நாங்கள் இரண்டு பேரும் உனக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதாக நினைத்தோம். நீ கேட்டது விலையைப் பற்றியே இல்லையோ? உனக்கு உள்ளுக்குள் பயம் இருந்ததா? இருந்திருந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல ஏன் உனக்குத் தெரியாமல் போயிற்று? எனக்கு ஏன் கேட்கத் தெரியாமல் போயிற்று?

பெண் காப்பியோடு வந்து, நாங்கள் அழுவதைப் பார்த்து மிரண்டுபோய் நின்றாள். விலைதான் அதிகமோ என்று நினைத்துவிட்டாள் போல. மேனேஜரிடம் இன்னொரு தடவை கேட்கட்டுமா என்றாள். கனகா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்மா. பின்சீட்டுக்கு அந்த பலூனை வச்சே ஒரு வண்டி போடு. நான் காத்திருக்கேன்," என்றாள். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வண்டி வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கனகா இப்போது கடையில் சத்தமாகப் பேசுகிறாள், ஆட்களை வைகிறாள், பழைய கனகா. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். நான் தூங்குகிறேன். ஆனால் நீ என் விரலைப் பிடித்த அந்த நிமிஷத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன், வர மாட்டேன் என்கிறது. நான் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மாப்ளே. உன்னைப் பார்க்கவே இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன், அது எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனிமேல் இது வேணுமா, எடுக்கவா என்று என்னிடம் வந்து கேட்கிறவர் யாராக இருந்தாலும், முதலில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

கனகாவுக்கு அண்ணனும்
உனக்கு என்றைக்கும் மச்சானுமான,
மீரான்
கோவில்பட்டி