ஆறு வாரம் என்று சொன்னது நான்தான்

மார்ச் 3, திங்கள்

அறையில் ஐந்து நாற்காலிகள், இரண்டு பேர். மீதி மூன்றையும் எடுத்துப் போக யாரும் வரவில்லை; நாங்களும் சொல்லவில்லை. ஜன்னலோரம் நான். கதவோரம் பதிமூணு.

எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று கணிக்க எங்களிடம் ஒரு கார்டுக் கட்டு உண்டு: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று. ஒருவர் வேலையைப் படிப்பார். ஆளுக்கொரு கார்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். நாங்கள் மூன்று காட்டினால் அவர் பதிமூன்று காட்டுவார். பெரிய எண்ணைக் காட்டியவர் காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் காரணம் சொல்லமாட்டார், கேள்வி கேட்பார். "மேடம், இந்த பட்டனை அழுத்தப்போறது யாரு? அவங்க கையில கிளவுஸ் இருக்குமா?" நாங்கள் எழுதும் மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று டெஸ்டிங் பார்க்கிறவர். பதினோரு வருடமாக இதே கதவோரம்.

இன்று மேனேஜர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்குப் புது மென்பொருள் வேண்டும்: எந்த நோயாளி, எந்த நாள், எந்த நாற்காலி. "அதான் கோடு எழுத ஏஐ இருக்கே மேடம். நீங்களும் அதுவும் உட்கார்ந்து, எத்தனை வாரம், எத்தனை பேருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ஆறு வாரம்னா இந்த வேலை வேற கம்பெனிக்குப் போகாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "பதிமூணுகிட்ட இப்போ பேச வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. தெரியாததால் அல்ல.

மார்ச் 5, புதன்

இருபத்து மூன்று வேலைகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் ஏஐ உதவியாளரிடம் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொல்கிறது, குறுக்கே பேசுவதில்லை, நாற்காலியைப் பின்னால் சாய்த்து விட்டத்தைப் பார்ப்பதில்லை. கடைசியில், "எல்லாம் சேர்த்து ஆறு வாரம், ஒரு ஆள் போதும் என்று நினைக்கிறேன், சரியா?" என்றேன். சரிதான் என்றது. நான்கு காரணங்களும் கொடுத்தது.

நல்ல காரணங்கள்.

மார்ச் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஆறு வாரம், ஒரு ஆள். "கலக்கிட்டீங்க மேடம்" என்றார் மேனேஜர்.

மார்ச் 14, வெள்ளி

பதிமூணுக்குக் கடைசி நாள். அவர் சாமான்கள் ஒரு பையில் அடங்கிவிட்டன: காதில் மாட்டும் ஹெட்போன், ஒரு டம்ளர், மகள் வரைந்த பூனைப் படம். பூனைக்கு ஐந்து கால்.

"மெஷின் என்னதான் சொல்லுச்சு மேடம்?"

"ஆறு வாரம், ஒரு ஆள்னு சொல்லுச்சு."

"அப்படியா. அதுக்கு என்னைத் தெரியாதுல்ல, பாவம்." சிரித்தார். கார்டுக் கட்டைப் பிரித்துத் தன் எண்ணைத் தேடி எடுத்தார். "இதை இனிமே இங்க யாரு தூக்கப்போறா?" சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவை வழக்கம்போல் மெதுவாகச் சாத்தினார்.

மெஷின் சொல்லுச்சு. ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 16, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். "அக்கா, இப்போ ஆபீஸ்ல யாரோட சாப்பிடறே?"

"தனியாத்தான்."

"அந்த ஏஐயோட பேசிக்கிட்டே சாப்பிடு. குழம்புல உப்பு இல்லன்னு குறை சொல்லாது."

சிரித்தேன். போனை வைத்த பிறகு வீடு முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மார்ச் 24, திங்கள்

வேலை ஓடுகிறது. முன்பு நான்கு நாள் பிடித்த திரை, இன்று காலைக்குள் முடிந்தது. பதினொன்றரைக்குத் திரும்பி, "பார்த்தீங்களா?" என்றேன்.

கதவு சாத்தியிருந்தது.

மார்ச் 27, வியாழன்

இன்று அலுவலகத்தில் நான் பேசிய ஒரே வார்த்தை, லிஃப்டில், "மூணாவது."

ஏப்ரல் 9, புதன்

ஆஸ்பத்திரியில் முதல் சோதனை. பதினான்கு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எந்திரம். நோயாளிகள் நான்கு நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார்கள். பலர் கண்களை மூடியிருக்கிறார்கள், தூங்கவில்லை. தலைமை நர்ஸ் குள்ளமானவர், வேகமாக நடப்பவர். போலிப் பெயர்கள் போட்டு ஒரு வார அட்டவணையைத் திரையில் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"இந்த ஆளை எதுக்கு ஏழாவது நாற்காலியில போட்டிருக்கு?"

"காலியா இருந்துச்சு."

"ரத்தத்துல தொற்று இருக்குன்னு நீங்களே குறிச்சிருக்கீங்களே! அவங்களுக்குக் கடைசி ரெண்டு நாற்காலிதான். அந்த எந்திரத்துல வேற யாரையும் போடவே மாட்டோம். இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. எங்கும் எழுதியிருக்கவில்லை.

"எழுதுவாங்களாம்மா இதையெல்லாம்? இங்க வேலை பார்க்கற எல்லாருக்கும் தெரியும். நீங்க கேட்டிருக்கணும்."

படுத்திருந்த ஒரு பெண் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பதிமூணு முதல் நாளே கேட்டிருப்பார். "மேடம், எல்லா நாற்காலியும் ஒண்ணுதானா?" இப்படித்தான் கேட்டிருப்பார், இதே சொற்களில்.

ஏப்ரல் 10, வியாழன்

ஏஐ உதவியாளருடன் பேசியதெல்லாம் சேமிப்பில் இருக்கிறது. மார்ச் 5-இன் பேச்சை முதலிலிருந்து வாசித்தேன். அளவு கேட்டது இருபத்து மூன்று முறை, கடைசியில் மொத்தத்துக்கு ஒரு முறை. இருபத்து நான்கிலும் என் எண்ணை முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். "மூன்று நாள் இருக்குமா?" "இரண்டு போதும்தானே?" இருபத்து இரண்டு முறை என் எண்ணே திரும்பி வந்திருக்கிறது. கார்டைத் திறந்து காட்டிவிட்டு, உன்னுடையது என்ன என்று கேட்டிருக்கிறேன்.

ஆறு எங்கிருந்து வந்தது? தாழ்வாரத்திலிருந்து. மேனேஜர் வாயிலிருந்து என்னிடம், என்னிடமிருந்து மெஷினுக்கு, மெஷினிடமிருந்து நான்கு காரணங்களுடன் திரும்ப மேனேஜருக்கு. போய்வந்த வழியில் ஒருவரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. தட்டிப் பார்க்கிறவரிடம்தான் பேச வேண்டாம் என்றார்கள். நானும் பேசவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அதே இருபத்து மூன்று வேலைகளைப் புதிதாகக் கொடுத்தேன். எண் எதையும் சொல்லவில்லை. அளவு சொல்வதற்கு முன் ஒன்பது கேள்விகள் கேட்டது. நான்காவது கேள்வி: ஒரு நோயாளியை எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் அமர்த்தலாமா, கட்டுப்பாடு உண்டா?

பதில்கள் கொடுத்தேன். பத்து முதல் பதினான்கு வாரம் என்றது. கோடு எழுதும் நேரம்தான் குறையும், அதைச் சரிபார்க்கும் நேரம் குறையாது. அந்தக் கோடை எழுதாத வேறொருவர் சோதிப்பது நல்லது என்றும் சொன்னது.

பழைய பேச்சை ஒட்டி, அன்று ஏன் ஆறு என்றாய் என்று கேட்டேன். "நீங்கள் ஆறு என்று சொல்லியிருந்தீர்கள். அதற்குப் பொருந்தும் காரணங்களைத்தான் நான் கொடுத்திருக்கிறேன். கேள்வி கேட்டிருக்க வேண்டும்" என்றது.

சாக்கு எதுவும் இல்லை. மூன்றே வரியில் ஒப்புக்கொண்டுவிட்டது. என்னால் அது ஐந்து வாரமாக முடியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேனேஜரிடம் போனேன். பன்னிரண்டு வாரம், சோதிக்க ஒரு ஆள்.

"என்ன மேடம், மெஷின் தப்பா சொல்லிடுச்சா?"

நான் தப்பித்துப் போக வழி திறந்துவிட்டார், பாவம். ஆமாம் என்று சொன்னால் போதும்.

"இல்ல. நான் கேட்டதையே திருப்பிச் சொல்லுச்சு. தப்பு என்னுது." ஏழாவது நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

பன்னிரண்டு கிடைத்தது. மேல் தளத்திலிருந்து டெஸ்டிங்குக்கு ஒருவர், வாரத்தில் இரண்டு நாள். "அடுத்த திட்டத்துக்கு எஸ்டிமேட் வேற யாராவது போடட்டும் மேடம்."

சரி என்றேன். இருபத்தாறு வருடம் அதுதான் என் வேலை.

ஏப்ரல் 16, புதன்

பதிமூணுக்குப் போன் செய்தேன். பின்னால் வண்டிச் சத்தம். லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாராம். "நாள் பூரா பட்டன் அழுத்தறதுதான் மேடம் வேலை. பொறந்ததே அதுக்குத்தான்."

சொன்னேன். எல்லாவற்றையும், வரிசையாக.

"ஒரு ஆளு போதும்னும் நீங்கதான் சொன்னீங்களா?"

"நான்தான்."

"அப்போ போறது நான்னு தெரியும்."

"தெரியும்."

"மெஷின் சொல்லுச்சுன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி மேடம். பஸ் வந்துடுச்சு."

ஏப்ரல் 20, ஞாயிறு

"அவரு பேசலன்னா விடு அக்கா, எத்தனை நாளைக்கு அதையே நினைச்சுக்கிட்டு இருப்பே?" என்றாள் தங்கை.

எத்தனை நாள் என்று கணக்கிடத் தெரியவில்லை.

மே 9, வெள்ளி

மேல் தளத்து டெஸ்டர் நல்லவர். அமைதியானவர். நான் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

மென்பொருள் இன்று முதல் நிஜ நோயாளிகளுக்கு. காலை ஆறரைக்கே போய் நின்றேன். தொற்று உள்ள இருவரும் கடைசி இரண்டு நாற்காலிகளில். மாலைவரை ஒரு பெயரும் இடம் மாறவில்லை. தலைமை நர்ஸ் கடந்து போகும்போது, "இப்போ சரியாத்தான் இருக்கு" என்றார். திரும்பி அறைக்கு வந்தேன். சொல்ல ஆள் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ஆஸ்பத்திரி மென்பொருளில் இன்னொரு சின்ன வசதி கேட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் நோயாளிக்கு ஒரு வாரம் மட்டும் இங்கே இடம் தர வேண்டும். இந்தத் திட்டம் முடியும்வரை அளவு நான்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து எண் கார்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். ஏஐயிடம் எண் சொல்லாமல் கேட்டேன்: எட்டு. கார்டுக் கட்டில் எட்டுக்கு அடுத்த கார்டு இல்லை.

வெகுநேரம் யோசித்துவிட்டு, அந்த வேலையை ஒரே வரியாக எழுதிப் பதிமூணுக்கு அனுப்பினேன். எண் இல்லை, நலமா என்றும் கேட்கவில்லை. மதியம் ஒன்றே முக்கால்.

இரண்டு பத்துக்கு ஒரு படம் வந்தது. லிஃப்டின் உட்புறம், பட்டன்களுக்குப் பக்கத்தில் நீட்டியிருக்கும் ஒரு கை, அதில் ஓரம் மடங்கிய அந்தப் பதிமூன்று கார்டு.

விதிப்படி காரணம் சொல்ல வேண்டும் என்று பதில் எழுதினேன்.

தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்று காட்டுகிறது. நின்றது. மறுபடி காட்டுகிறது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறேன், இன்னும் சாப்பிடவில்லை. அவர் கேள்விகள் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும்.