கடையில் நித்திரை கொண்ட வருடங்கள்

மாமி,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை நல்லவராக்குவதற்காக எதையும் கூட்டமாட்டேன். எனக்குக் கோபம் என்பதற்காக எதையும் குறைக்கவும் மாட்டேன். நீங்கள் போன பிறகு எல்லோரும் உங்கள் பகிடிகளை மட்டும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

என் மேசையில் உங்கள் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு இருக்கிறது. உங்கள் செத்தவீட்டுக்காக லண்டன் போன அப்பா, அதை உங்களுடைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் மொன்றியலின் லாசாலில் உள்ள எங்கள் சின்ன வீடு முழுவதும் பெற்றோல் மணத்தது. "யன்னலைத் திற பிள்ளை, உனக்குத் தொய்வு வரப்போகுது" என்று அப்பா பதறினார். நான் திறக்கவில்லை. ஒரு கையில் என் மூச்சுப் பம்பை வைத்துக்கொண்டு அந்த மணத்தை நன்றாக இழுத்தேன்.

எனக்குத் தொய்வு இருப்பதை நீங்கள் ஒருநாளும் மறந்ததில்லை. பள்ளி விடுமுறைக்கு அப்பாவும் நானும் லண்டனில் உங்களிடம் வந்திருந்த கோடையில், காலையில் நீங்கள் வேலைக்குப் புறப்படுவதை மேல்மாடி யன்னலில் நின்று பார்ப்பேன். நீங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதில்லை. தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, அந்த மேட்டுத் தெருவின் முனைவரை அதைத் தள்ளிக்கொண்டே போவீர்கள். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவீர்கள். பிறகு ஒரே உதை. அந்தச் சத்தம் எனக்கு வேறு யாருடைய தெருவிலோ கேட்பதுபோல் கேட்கும்.

"ஏன் மாமி தள்ளிக்கொண்டு போறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவள் கிழவி. காலமை எழும்பினவுடனை இருமுவாள். உனக்கு முன்னாலை நிண்டு ஏன் இருமோணும்?"

உங்கள் வேலை எனக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டும். பஸ்ஸில் போனால் அது நடக்காது. அதனால்தான் அந்த மோட்டார் சைக்கிள். பக்கத்துத் தெருக் கிழவர் ஒருவரிடம் நீங்கள் அதை வாங்கியிருந்தீர்கள்.

"அந்த மனுசன் வாங்கமுதல் இது கடையிலை விலைபோகாமல் கிடந்ததாம்" என்று சொன்னீர்கள். "பின்பக்கத்திலை வருசக்கணக்கா நித்திரை. பெண்பார்க்க ஒருத்தரும் வரேல்லை. என்னைப் போலை."

"அக்கா, உன்னைப் பார்க்க வந்தவங்களை நீதானே கலைச்சனி" என்றார் அப்பா.

"ஓம், இவளும் கலைச்சிருப்பாள். ஆருக்குத் தெரியும்?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். மாமி, அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் திரும்பி வருவேன்.

அந்தக் கோடையில்தான் புகை எல்லை உங்கள் தெருவரை விரிந்தது. அதுவரை நகரத்தின் உள்ளே மட்டும் இருந்த விதி அது. பழைய, கூடுதலாகப் புகைவிடும் வாகனம் எல்லைக்குள் ஓடினால், ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம். கம்பங்களில் இருக்கும் கமெராக்கள் இலக்கத்தகட்டைப் படித்துவிடும். உங்கள் வீடும் உங்கள் முதியவர்களின் வீடுகளும் ஒரே நாளில் எல்லைக்குள் போய்விட்டன. வேலை கொடுத்தவர்கள் அந்தக் கட்டணம் தங்கள் பாடு இல்லை என்றுவிட்டார்கள்.

விதிகளை வாசிப்பதில் எனக்கு எப்போதும் ஆசை. உங்கள் குசினி மேசையில் இருந்து, போனில் அந்த விதிகள் முழுவதையும் ஆங்கிலத்தில் வாசித்து உங்களுக்குத் தமிழில் சொன்னேன்.

"நாப்பது வயசு தாண்டினதுக்குக் காசில்லை மாமி. அது சரித்திர வாகனமாம்."

"அப்ப முப்பத்தெட்டு வயசுப் புகை நஞ்சு, நாப்பது வயசுப் புகை சரித்திரமோ?"

"ரெண்டு வருசம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டிரு அக்கா" என்றார் அப்பா.

"நான் பிடிப்பன். அவள் பிடிக்கமாட்டாள்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "காசு கட்டினால் புகை நிண்டிடுமோ பிள்ளை?"

"இல்லை."

"அப்ப காசுள்ளவன் விடுற புகை உன்ரை நெஞ்சுக்குள்ளை போகாதோ?"

நீங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதையைத் தொடங்கிவிட்டீர்கள். "ஊரே கறுப்பா இருக்கும். அப்ப ஒருத்தரும் புகைக்குக் காசு கேக்கேல்லை. குண்டு மட்டும்தான் போட்டவங்கள்."

பிறகு மோட்டார் சைக்கிளின் பதிவுக் காகிதத்தை எடுத்து வந்து மேசையில் விரித்தீர்கள். அதில் இருந்த ஆண்டை நான் கழித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு. அப்பாவும் கழித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு. காகிதத்தை மடித்து உங்கள் கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்.

உங்கள் கடவுச்சீட்டில் இருந்த வயது பொய் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களை வெளியே அனுப்பிய ஏஜென்சிக்காரன் வேறு ஒருத்தியின் பிறந்த தேதியைத் தந்தான். விமான நிலையத்தில் அந்தத் தேதியையே சொன்னீர்கள், பிறகு எந்த அலுவலகத்திலும் மாற்ற முடியவில்லை. "இளமைக்குக் காசு குடுத்து வாங்கினது நான் ஒருத்திதான்" என்பீர்கள். அந்த இளமையால் உங்கள் ஓய்வூதியம் பின்னுக்குப் போனது. முழங்கால் தேய்ந்த பிறகும் காகிதம் உங்களை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

நாங்கள் மொன்றியல் திரும்பிய பிறகு நீங்கள் போனில் சொன்னவற்றையும் எழுதவேண்டும். சில வாரங்கள் கட்டணத்தைக் கட்டிப் பார்த்தீர்கள். பிறகு பஸ். பஸ்ஸில் பிந்திப் போனதால் முதல் வீட்டுக் கிழவி நனைந்த படுக்கையில் உங்களுக்காகக் காத்திருந்தாள். "மன்னிப்புக் கேட்டன். மனுசி என்ரை கையைத் தட்டி, நீயும் நனைஞ்சிட்டியே எண்டுது" என்றீர்கள். வெளியே மழை. பிந்தி வருகிறீர்கள் என்று வீடுகளைக் குறைத்தார்கள்; கடைசியில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. பழைய வாகனத்தை உடைக்கக் கொடுத்தால் நகரம் ஒரு தொகை தரும் என்று யாரோ சொன்னார்கள்.

"குடுத்திட்டன் பிள்ளை" என்றீர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"அழுதியளோ மாமி?"

"நானோ? அவள்தான் எண்ணெய் ஒழுக்கினவள்." "கண்ணை மட்டும் கழட்டித் தாங்கோ எண்டு கேட்டனான். அங்கை நிண்டவங்கள் எனக்கு விசர் எண்டு நினைச்சிருப்பாங்கள். தந்திட்டாங்கள்."

பனி கரையும் காலத்தில் நீங்கள் எங்களிடம் வந்து ஒரு மாதம் நின்றீர்கள். அந்த மாதத்தில் நடந்த ஒன்றில்தான் உங்களை நான் கடைசியாக முழுவதுமாகப் பார்த்தேன். நாங்கள் மெசியே என்று கூப்பிடும், பிரெஞ்சு பேசும் மேல்வீட்டுக்காரர் பின்சந்தில் தன் பழைய மோட்டார் சைக்கிளின் மேலிருந்த குளிர்கால உறையை அகற்றினார். உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். நீங்கள் அப்பாவின் பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பின்கதவில் நின்றீர்கள்.

"உந்த உதை உதைச்சால் பால்மாடும் கறவாது" என்று முணுமுணுத்தீர்கள்.

மெசியே நிமிர்ந்து பார்த்தார். "வா-ஸி, மதாம்!" என்று கையை விரித்தார்.

"என்னவாம்?"

"நீங்கள் உதைச்சுப் பார்க்கட்டாம்."

நீங்கள் சேற்றில் இறங்கிப் போனீர்கள். முதலில் பெற்றோல் தாங்கியின் மேல் கையை வைத்து, காதைக் கொடுத்துக் கேட்டீர்கள். மெதுவாக ஒருமுறை மிதித்து, எங்கேயோ ஒரு தடுப்பைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் முழுப் பாரத்தையும் இறக்கினீர்கள். சந்து முழுவதும் அதிர்ந்தது. மெசியே கை தட்டினார். நீங்கள் என்னைத் தேடிப் பார்த்து, "பிள்ளை, உள்ளை போ! புகை!" என்று கத்தினீர்கள். நான் போகவில்லை. என்ஜினை நிறுத்திய பிறகும் நீங்கள் தாங்கியிலிருந்து கையை எடுக்கவில்லை. அது ஆறும்வரை நின்றீர்கள்.

"இங்கை புகைக்குக் காசில்லையோ?"

"இன்னும் இல்லை. நகர நடுவுக்குப் புகை வரக்கூடாது எண்டு கதைக்கினம்."

"பேந்து வரும்" என்றீர்கள். "வரட்டும். உன்ரை நெஞ்சுக்கு நல்லது." உங்கள் குரலில் கேலி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் திரும்பிப் போய் அடுத்த குளிர்காலம் முடியுமுன் இறந்துவிட்டீர்கள். இதயம் என்று டொக்டர் எழுதினார். வேலை இல்லாமல் யன்னலோரம் இருந்த மாதங்களை எந்த டொக்டரும் எழுதமாட்டார். மரண அறிவித்தலில் கடவுச்சீட்டின் வயதையே போட்டார்கள். "எல்லாக் காகிதத்திலையும் அதுதானே இருக்கு" என்றார் அப்பா.

போன வாரம் எங்கள் வகுப்பில் சுத்தக் காற்று பற்றிப் பேசினோம். பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் சுயநலக்காரர் என்று ஒருத்தி பிரெஞ்சில் அழகாகச் சொன்னாள். எனக்கும் சுத்தக் காற்று வேண்டும் மாமி. இரவில் என் நெஞ்சு விசிலடிக்கும்போது யாரையும்விடக் கூடுதலாக வேண்டும். ஆனால் எனக்காகத் தெருமுனைவரை புகையைத் தள்ளிக்கொண்டுபோன ஒருவரைப் பற்றி அந்த வகுப்பில் எப்படிச் சொல்வது? பிரெஞ்சில் வசனத்தைத் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை.

இன்று பின்னேரம் விளக்கைத் துடைப்பதற்காக அதன் விளிம்புத் திருகாணியைக் கழற்றினேன். கண்ணாடி தனியாக வந்தது. எதைக் கண்டாலும் வாசிக்கிற பழக்கம் எனக்கு. உள்விளிம்பில், செய்தவர்களின் பெயருக்குக் கீழே, சின்னதாக ஒரு மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தன. கழித்துப் பார்த்தேன். பிழை என்று நினைத்து மறுபடி கழித்தேன். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்கு ஓடினேன்.

"இது வேறு ஒரு மோட்டார் சைக்கிளின் கண்ணாடியாக இருக்கலாமா?" என்று மெசியேயிடம் கேட்டேன். அவர் விளிம்பின் பழைய பெயின்றை நகத்தால் தொட்டுப் பார்த்தார். இந்தக் கண்ணாடியை யாரும் மாற்றவில்லை என்றார். விளக்குப் பிறந்து சில மாதங்களில் மோட்டார் சைக்கிளும் பிறந்திருக்கும் என்றார். காகிதத்தில் இருந்தது அது முதலில் பதிவான ஆண்டு, செய்யப்பட்ட ஆண்டு அல்ல.

கடையில் நித்திரை கொண்ட வருடங்கள், மாமி. நீங்களே சொன்னீர்கள், நாங்கள் சிரித்தோம். எல்லை உங்கள் தெருவுக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. செய்த நிறுவனத்துக்கு எழுதி, செய்த ஆண்டுக்குச் சான்று வாங்கிக் காட்டியிருந்தால், அது கட்டணம் இல்லாமலே ஓடியிருக்கும். அந்த முதல் வீட்டுக் கிழவி நனைந்த படுக்கையில் காத்திருந்திருக்கமாட்டாள். தன் வயதே காகிதத்தில் பொய்யாக இருந்த நீங்கள், மோட்டார் சைக்கிளின் காகிதத்தை ஒரு சொல் கேட்காமல் நம்பினீர்கள்.

புவாண்ட்-கிளேர் கிடங்கில் வேலை முடிந்து வந்த அப்பாவிடம் காட்டினேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதை நீண்டநேரம் பார்த்தார்.

"அக்காவுக்குத் தெரியாமல் போனது நல்லது."

"நல்லதோ? ஏன் அப்பா ஒருத்தரும் கேக்கேல்லை?"

"காகிதத்தை நம்பாமல் வேறை எதை நம்புறது பிள்ளை? காகிதம்தானே எங்களை இஞ்சை வைச்சிருக்குது."

அவரோடு சண்டை பிடிக்க முடியவில்லை. உங்களோடும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மெசியே தந்த சின்ன பெற்றறியில் இரண்டு கம்பிகளையும் பொருத்தினோம். பார்ப்பதற்காக அப்பா வீட்டு விளக்குகளை எல்லாம் நிறுத்தினார். உங்கள் விளக்கு முதலில் தயங்கியது. பிறகு சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. அப்பா அதற்கு முன்னால் போய் நின்றார். அவருடைய நிழல் கூரைவரை எழுந்தது. "இந்த வெளிச்சத்திலைதான் விடியமுன்னம் போறவள்" என்றார்.

உங்களுடைய சரியான வயதும் அதனுடைய சரியான வயதும் இனி என்னிடம் இருக்கின்றன. கேட்பதற்கு எந்த அலுவலகமும் இல்லை. இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

பெற்றறி நெடுநேரம் தாங்காது; விளக்கை அணைத்தேன். கண்ணாடி சூடாக இருந்தது; அது ஆறும்வரை நான் கையை எடுக்கவில்லை.