இயந்திரத்துக்கு நீங்கள் வைத்த பொட்டு

அக்கா,

இன்று காலை பழனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நேற்று ஆயுத பூஜைக்கு முன்கண்ணாடியில் அப்பிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மணம் மட்டும் போகவில்லை. அதைப் பார்த்ததும் தனியாகச் சிரித்துவிட்டேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "என்னம்மா, சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" என்றார். எதைச் சொல்ல? ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடம், அங்கே நீங்கள், உங்கள் சந்தனக் கிண்ணம் என்று தொடங்கினால் முடிப்பதற்குள் ஒட்டன்சத்திரம் வந்துவிடும்.

கீரனூருக்கு, உங்கள் அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். மாசியில் நோய் உங்களைக் கொண்டுபோனபோது என்னால் ஜெர்மனியிலிருந்து கிளம்பி வர முடியவில்லை. தொலைபேசியில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்ற அம்மிணி அங்க சந்தோசமா இருந்தாளா, கண்ணு?" "இருந்தாங்கம்மா" என்றேன். அது அவருக்குப் போதவில்லை, அதையே திரும்பவும் கேட்டார். வருடத்துக்கு ஒருமுறை விடுமுறைக்கு வரும் மகள் மற்ற நாளெல்லாம் எப்படி வாழ்ந்தாள் என்று எந்த அம்மாவுக்குத் தெரியும்? இன்று நேரில் கேட்பார். என்ன சொல்வது என்ற பயத்தில் பஸ் ஓட ஓட வாக்கியங்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஒப்பந்த வேலைக்கு அங்கே போய் இறங்கியவள் நான். திண்டுக்கல் வெயிலில் வளர்ந்த உடம்பு. அக்டோபரிலேயே பல் கிட்டித்தது. முதல் வாரம் சாப்பாட்டு அறையில் என் டப்பாவை எட்டிப் பார்த்தீர்கள். "ஏனுங்க, வெறும் ரொட்டியத் தின்னுபோட்டு ஆராய்ச்சி பண்ணுனா தக்காளிச் செடிகூட மதிக்காதுங்க" என்று சொல்லி, உங்கள் புளிச்சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினீர்கள். என்னைவிட மூத்தவர், ஆனாலும் கடைசிவரை என்னிடம் அந்த 'ங்க' உங்களுக்குக் குறையவே இல்லை.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தீர்கள். நுண்ணோக்கிக்கு, தராசுக்கு, காபி இயந்திரத்துக்கு. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் கிண்ணம் ஏந்தி உங்கள் பின்னாலேயே வந்தேன். என் தக்காளி நாற்றுகள் இருந்த வளர்ப்புப் பெட்டியின் கதவையும் திறந்தீர்கள். ஆளுயரப் பெட்டி, வெளிச்சமும் சூடும் அதுவே பார்த்துக்கொள்ளும். "வெளிய மட்டும் வெச்சா மனசுக்குப் பத்தாதுங்க" என்று உள்சுவரிலும் ஒரு பொட்டு. அந்த இடத்தில்தான் வெளிச்சத்தை அளக்கும் சிறு கண் இருந்தது. பொட்டு மறைத்ததும் இருட்டிவிட்டது என்று நினைத்து, வார விடுமுறை முழுக்க விளக்குகளை உச்சத்தில் எரித்திருக்கிறது அந்த மடப்பெட்டி. திங்கட்கிழமை திறந்தால் நாற்றெல்லாம் கருகிக் கிடந்தது.

கிறிஸ்துமஸுக்குள் முடிவுகளைக் காட்டாவிட்டால் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் அழுவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது நீங்கள் நேரே பேராசிரியரிடம் போனீர்கள். வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், பொட்டு வைத்தது நான்தான் என்றீர்கள். எங்கள் ஊரில் வருடம் முழுக்க உழைக்கும் கருவிகளுக்கு ஒருநாள் நன்றி சொல்வோம், நான் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். சிரிப்பே அறியாத அந்தப் பேராசிரியர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "காபி இயந்திரத்துக்கும் வைத்தாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றீர்கள். "அதுதான் இந்த வாரம் ஒழுங்காக வேலை செய்கிறது" என்றார். அறையே அதிர்ந்தது.

சிரிப்பு அடங்கியதும் நீங்கள் செய்ததைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இழந்த நாட்களை ஈடுகட்ட இரண்டு மடங்கு விதைக்க வேண்டும், என் பெட்டி மட்டும் போதாது. உங்கள் பெட்டியில் பாதிச் செடிகளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அந்த இடத்தை எனக்குத் துடைத்துக் கொடுத்தீர்கள். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "எனக்கு இன்னும் காலம் கெடக்குதுங்க. உங்களுக்குத்தான் இல்ல. வெதையக் கொண்டாங்க" என்றீர்கள். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. உங்கள் கட்டுரை ஒரு வருடம் தள்ளிப்போனது. அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. இன்று எனக்கு ஒரு வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது என்றால் அது நீங்கள் துடைத்துக் கொடுத்த அந்தப் பாதிப் பெட்டியில் முளைத்தது. உயிரோடு இருந்தபோது நன்றி சொன்னால், "போதுமுங்க, போயித் தண்ணி ஊத்துங்க" என்று துரத்திவிடுவீர்கள். இப்போது துரத்த முடியாது, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கீரனூரில் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். சாப்பாடு போட்டு, எதிரில் உட்கார்ந்து, நான் பயந்தபடியே அதையே கேட்டார். சந்தோஷமாக இருந்தார்கள் என்று இந்த முறை சொல்லவில்லை. பொட்டுக் கதையைச் சொன்னேன். காபி இயந்திரம் வந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்தவும் முடியாமல், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். "இங்கயும் அப்படித்தான் கண்ணு. மோட்டாருக்கு வெய்யின்னா மாட்டுக் கொட்டாய் வரைக்கும் வெச்சுப்போட்டு வருவா" என்றார். அவர் வளர்த்த மகளும் என்னோடு வேலை பார்த்த நீங்களும் ஒரே ஆள்தான் என்று அப்போதுதான் அவருக்கு நிச்சயமானது போலிருந்தது.

கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீங்கள் வாழ்ந்த வருடங்களை இந்த வீட்டுக்குச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அம்மா காபி போட்டுக்கொண்டே அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறார்: "அப்பறம், கண்ணு? வேறென்ன பண்ணுனா?"

எம்புட்டு இருக்கு, அக்கா.